பெட்டி காலி, ஆளைக் காணோம்

என் அண்ணிக்குத் தண்ணீர் ஆகாது. குடிக்கிற தண்ணீர் ஆகும், குளிக்கிற தண்ணீர் ஆகும். அதன் மேல் மிதப்பதுதான் ஆகாது. எங்கள் துப்பறியும் நிலையம் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது, இந்த விஷயத்தை அவர் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அதனால் அன்று காலை படகுத்துறையில் அவர் கையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கவில்லை.

"என்ன அண்ணி, பிடிக்கிற மீனுக்குப் பிழிஞ்சு விடவா?"

"ரேடியோ, பையைத் தூக்கிட்டுப் பேசாம வா."

ரேடியோ நான்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு, அது ரேஷன் அட்டையோடு சரி. அணைக்கிற பொத்தானை வைக்க மறந்துவிட்டார்கள் என்பார் அண்ணி. என் அண்ணன் பல் டாக்டர், ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர். அவருடைய மனைவி என்னை வாயை மூடச் சொல்லியே காலம் தள்ளுகிறார். துப்பறிவது அவர் வேலை. பை தூக்குவது, பேச்சுக் கொடுப்பது, தப்பாக ஊகிப்பது மூன்றும் என் வேலை. மூன்றாவதை நான் முழு மனதோடு செய்வதால்தான் அவருக்குச் சரியாக ஊகிக்க முடிகிறது என்பது என் கட்சி. இதை அவர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

விவகாரம் இதுதான். அன்று காலை ஏழு மணிக்குப் படகுக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பனைமரம் மாதிரி ஆள், கண் இரண்டும் சிவந்திருந்தது. கரையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. நாலு பாறை, நூறு தென்னை, ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நீந்தவிட்டு, பாறை ஏறவிட்டு, குகைக்குள் தலையை முட்டவிட்டு, மாலையில் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது அவர் தொழில். 'ஒருநாள் சாகசப் பயணம்' என்று படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்.

"நேத்து எத்தனை பேர் போனாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பதினெட்டு, மேடம்."

"வந்தது?"

"பதினெட்டு."

"தலையை எண்ணினீங்களா?"

"தலையை எண்ண முடியாது மேடம், ஆடிக்கிட்டே இருக்கும். நான் செருப்பைத்தான் எண்ணுவேன்."

தீவில் படகுத்துறை கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அதனால் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட்டு இறங்குவார்கள். திரும்பி வந்தவர்கள் அவரவர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெட்டி காலியானால்தான் படகு கிளம்பும். பதினோரு வருடத்தில் இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

"நேத்தும் பெட்டி காலி, மேடம். நானே கவுத்துத் தட்டினேன், மணல்தான் கொட்டுச்சு. ஆனா ஒரு அம்மா, 'என் வீட்டுக்காரர் வரலை'ன்னு துறைமுக ஆபீஸ்ல போய் உக்காந்துட்டாங்க. அதிகாரி வந்து என் படகுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிட்டார். இன்னிக்குத் தேடறதுக்கு மட்டும் ஒரு தடவை எடுத்துட்டுப் போகலாமாம். 'அஞ்சு மணிக்குள்ள ஆளோட வந்தா ரிப்பனை வெட்டறேன், இல்லேன்னா உன் லைசென்ஸை வெட்டறேன்'னு சொல்லிட்டார்."

விடியற்காலையிலேயே ரோந்துப் படகு ஒன்று தீவைச் சுற்றி வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்ததாம். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து காவலாளி கை ஆட்டினாராம். யாரும் இல்லை என்கிறார் போல என்று திரும்பிவிட்டார்களாம்.

"படகைத் தவிர எனக்கு எதுவுமே தெரியாது மேடம். ரோட்டுல பத்து நிமிஷம் நடந்தா எனக்குத் தலை சுத்தும். லைசென்ஸ் போச்சுன்னா நான் அவ்வளவுதான்" என்று சொன்னவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி உடனே உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். எலுமிச்சம்பழத்தை அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும்.

*

படகுத்துறையில் காணாமல் போனவரின் மனைவி எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பை, வாயில் கணவர்.

"இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ரூம்ல விளக்கை அணைச்சிருப்பாரா அந்த மனுஷன்? பின்னாடியே போய்ப் போய் நான்தான் அணைக்கணும். போன இடத்துல குடையை விடுவார், கண்ணாடியை விடுவார். இப்போ தன்னையே எங்கயோ விட்டுட்டார்!"

"என்ன வேலை பார்க்கிறார்?" என்றார் அண்ணி.

"டெலிபோன் ஆபீஸ்ல புகார் கவுன்ட்டர். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு பாராட்டி இந்தத் தீவுக்கு டிக்கெட் குடுத்தாங்க. எத்தனை டிக்கெட்? ஒண்ணு! பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிறது ஆபீஸுக்குத் தெரியாதாம். நான்தான் 'போய்ட்டு வாங்க, ஒரு நாளாவது நிம்மதியா இருக்கேன்'னு அனுப்பி வெச்சேன்." சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு குடையை விரித்தார். வெயில் இன்னும் ஏறவில்லை.

நாங்கள் ஏறப்போகிற நேரத்தில் பட்டக், பட்டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓர் ஆள் ஓடி வந்தார். ஒல்லியான, வயதான மனிதர். காலைவிடச் செருப்பு பெரிது. நெற்றியும் மூக்கும் கருகருவென்று இருந்தன, கன்னமும் தாடையும் மட்டும் வெளுவெளுவென்று இருந்தன.

"அண்ணி, இவர் மூஞ்சிக்குப் பெயின்ட் பாதியில தீர்ந்துபோச்சு" என்று நான் கிசுகிசுத்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"ஐயா, என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க. நேத்து தீவுல என் பையை மறந்து வெச்சுட்டேன். காலைலேருந்து இங்கேயேதான் நிக்கிறேன், படகு விடமாட்டேங்கிறாங்க" என்றார் அவர்.

"ஆமா மேடம், நேத்துத் திரும்பறப்போ கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தார். நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் படகுக்காரர்.

"வரட்டும். நேத்து வந்தவர்னா சாட்சியாச்சே" என்றார் அண்ணி.

படகு கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அண்ணியின் முகம் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. ஊரே மெச்சும் துப்பறியும் நிபுணர் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்து, பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். துறைமுகம் அப்போதும் எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன், அதற்குத் தண்டனை உடனே கிடைத்தது.

துறைமுக வாயில் இரண்டு பாறை இருக்கிறது. அவற்றுக்கு நடுவே படகு நுழைந்ததும் ஓர் அலை எழும்பி, குடம் குடமாக எங்கள் தலையில் கொட்டியது. படகுக்காரர் மட்டும் நேரம் பார்த்துக் குனிந்துகொண்டார். நான், அண்ணி, விரித்த குடையோடு அந்த அம்மாள், இரண்டு நிறத்து ஆசாமி எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்தோம்.

"யோவ், முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சாகசப் பயணம்னு எழுதியிருக்கில்ல தம்பி. இதுதான் முதல் சாகசம். போறவங்க யாரும் இதுலேருந்து தப்பினது கிடையாது. வர்றப்போ அலை பின்னாடி இருந்து தள்ளும், ஒரு சொட்டுப் படாது."

அண்ணி பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே இரண்டு நிறத்து ஆசாமியைப் பார்த்தார். "நேத்தும் இப்படித்தான் நனைஞ்சீங்களா?"

"இல்லீங்களே! நேத்து ஒரு சொட்டுகூட மேல படலியே!" என்றார் அவர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"அதிர்ஷ்டக்காரர்" என்று சொல்லிவிட்டு அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துத் தீவு தெரிந்தது. படகுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இதென்ன கூத்து? பட்டப்பகல்ல விளக்கு எரியுது!"

உண்மைதான். சுளீரென்று அடிக்கிற வெயிலில், கோபுரத்து உச்சியில் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நிறத்து ஆசாமி படாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொசு என்றார். நடுக்கடலில் ஏது கொசு? எனக்கு அந்த நொடியே அந்த ஆள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"தாடிக்காரர் இப்படி விடவே மாட்டாரே. சூரியன் எட்டிப் பார்க்கிறதுக்குள்ள அணைச்சுடுவார்" என்றார் படகுக்காரர்.

"எந்தத் தாடிக்காரர்?" என்றேன்.

"கலங்கரை விளக்கத்துக் காவலாளி. பதினோரு வருஷமா நான் கீழேருந்து கை ஆட்டுவேன், அவர் மேலேருந்து கை ஆட்டுவார். கிட்டப் பார்த்ததே இல்லை. அரசாங்கப் படகு ஒண்ணு மாசத்துக்கு ஒரு தடவை வேற துறையிலேருந்து வந்து அவருக்குச் சாமான் போட்டுட்டுப் போகும். எனக்குத் தெரிஞ்சது அவர் தாடி மட்டும்தான்."

*

தீவு வந்தது. படகுக்காரர் பழக்க தோஷத்தில் நீலப் பெட்டியை நடுவில் வைத்தார். நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டோம். இரண்டு நிறத்து ஆசாமியும் போட்டார். காணாமல் போனவரின் மனைவி தன் செருப்பைப் போடக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இது எங்க வீட்டுச் செருப்பு" என்றார், மிக மெதுவாக. பிறகு தீவே அதிரும்படி, "இது என் வீட்டுக்காரர் செருப்பு! வார் அறுந்தப்போ நான்தான் நீல நூல் போட்டுத் தைச்சேன்! என் மனுஷனை என்னடா பண்ணினே?" என்று குடையை ஓங்கினார்.

நான் பாய்ந்தேன். வீரமாகத்தான் பாய்ந்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். அந்த ஆள் லேசாக நகர்ந்துகொண்டார், நான் நேராகக் கடலுக்குள் போனேன். தலையை வெளியே நீட்டி, "கொலைகாரன்! பிடிங்க! கொன்னுட்டுச் செருப்பைத் திருடியிருக்கான்!" என்று கூவினேன். கொலை என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த அம்மாளின் கையிலிருந்து குடை நழுவிவிட்டது. வாயைக் கொடுத்த கடவுள் எனக்குக் கொஞ்சம் புத்தியையும் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. படகுக்காரர் அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"விடுங்க அவரை" என்றது ஒரு குரல். அண்ணி கரையில் நின்றுகொண்டிருந்தார். காலில் மணல் பட்டதும் அவருக்கு உயிர் திரும்பிவிட்டது. பழத்தை வீசி எறிந்தார். "ரேடியோ, கொன்னவன் செத்தவன் செருப்பையே மாட்டிக்கிட்டு, கொன்ன இடத்துக்கே வலிய வருவானா? அதுவும் செத்தவன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டு?"

"மறந்து வெச்ச பையை எடுக்க வந்திருக்கான் அண்ணி!"

"பையே கிடையாது. இவர் இங்கே விட்டுட்டுப் போனது ஒரு ஆளை." அண்ணி அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "போறவங்க எல்லாரும் அந்தப் பாறைகிட்ட நனைவாங்க. நீங்க நேத்து நனையவே இல்லை. அப்படின்னா நீங்க போகவே இல்லை, வர மட்டும் செஞ்சிருக்கீங்க. இந்தத் தீவுலேருந்து அப்படி வரக்கூடிய ஆள் ஒரே ஒருத்தர்தான்."

படகுக்காரருக்குப் பிடி தளர்ந்தது. "மேடம், தாடிக்காரரைச் சொல்றீங்களா? இவருக்குத் தாடியே இல்லையே!"

"தாடி இருந்த இடத்துல வெயிலே படலை, பாருங்க. எடுத்து ரெண்டு நாள்கூட ஆகலை."

படகுக்காரர் சட்டையை விட்டுவிட்டு நாலடி பின்னால் போனார். அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கி ஆட்டினார். அந்த மனிதரின் கை, அவரைக் கேட்காமலே, தானாக எழும்பி ஆடியது.

"ஐயோ, அதே கை! தாடி, நீயாய்யா?" என்று படகுக்காரர் கத்திவிட்டார்.

காவலாளி மணலில் உட்கார்ந்து அழுதார். மகளுக்கு மூன்று நாளுக்கு முன் குழந்தை பிறந்ததாம். இரண்டு தடவை வயர்லெஸ்ஸில் விடுமுறை கேட்டாராம், மாற்று ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நேற்று மத்தியானம் கரையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் மனசு தாங்காமல் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் முழுவதையும் கேட்டுவிட்டு, "விளக்கை எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றாராம். பெட்டியில் செருப்பு மிஞ்சினால் படகு கிளம்பாது என்று தன் செருப்பையும் கொடுத்தாராம்.

"காலைல முதல் படகுல வந்துடலாம்னுதான் கிளம்பினேம்மா. வந்து பார்த்தா படகுக்கு ரிப்பன் கட்டியிருக்கு. உண்மையைச் சொன்னா வேலை போயிடும். வேலை போனா எனக்குக் கரையில ஒரு குடிசைகூடக் கிடையாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலையா அவர்?" என்றார் மனைவி.

காவலாளி தன் சட்டைப் பையிலிருந்து நனைந்து கூழாகிப்போன ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "சொன்னார்மா. விலாசம்கூட எழுதிக் குடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். குழந்தையைக் கையில வாங்கினேன் பாருங்க, எல்லாம் மறந்துபோச்சு. தப்புதான். அடிக்கணும்னா அடிங்க."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். குடை விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"என்ன குழந்தை?" என்றார் கடைசியில்.

"பொண்ணும்மா."

"சரி, எழுந்திருங்க. எத்தனை படி ஏறணும்?"

*

நூற்று அறுபத்திரண்டு படி. எண்ணியது நான்தான், ஏனென்றால் பேச மூச்சு இல்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கள் புகார் முறையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. மூன்று வேலை நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும். வேறு ஏதாவது உதவி தேவையா, சார்?"

எட்டிப் பார்த்தேன். என் தோளுக்கு வருவார். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள இரண்டு காதுக்கு மேலேயும் கொஞ்சம். தொப்பை மேசையில் சாய்ந்திருந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் வயர்லெஸ் கருவி, எதிரில் ஒரு பெரிய பதிவேடு. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அடடே, நீ எங்கே இங்கே? படகு ஏன் லேட்டு?" என்றார் மனைவியிடம்.

மனைவி நேரே உள்ளே வந்தார். சுவரோரமாகப் போய்ப் பெரிய பொத்தானைத் தட்டி விளக்கை அணைத்தார். அணைத்துவிட்டு, அந்தப் பொத்தான் மேலேயே கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"ராத்திரி பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன். கடல்ல போயிட்டீங்கன்னே நினைச்சேன். நான் போய்ட்டு வாங்கன்னு சொன்ன வாய்முகூர்த்தம்னு நினைச்சேன்."

அவர் பதறிப்போய் எழுந்தார். "இவர் வந்து உன்கிட்ட சொல்லலையா?" காவலாளி தலை குனிந்துகொண்டார். "சத்தியமா உன்னை அழவைக்கணும்னு செய்யலைம்மா. இருபத்தஞ்சு வருஷமா வர்றவங்களுக்கெல்லாம் நம்பர்தான் எழுதிக் குடுத்தேன். ஒரு ஆளோட ஒரு குறையைக்கூட நானாத் தீர்த்து வெச்சதில்லை. நேத்து இவர் வந்து அழுதப்போ, இதை என்னால தீர்க்க முடியும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"அது சரி சார்," என்று நான் குறுக்கே புகுந்தேன், "காலைலேருந்து துறைமுக ஆபீஸ் உங்களைத் தேடுதே. இந்தக் கருவியில கேட்டிருப்பாங்களே! சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாங்க தம்பி, மூணு தடவை. மூணு தடவையும் பதிவு பண்ணினேன். ஆனா அவங்க தேடறது வேற யாரையோ."

அண்ணி பதிவேட்டைத் திருப்பி வைத்து உரக்கப் படித்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அதிகாலை நான்கு நாற்பது. புகார் எண் ஒன்று. தீவுக்கு வந்த பயணி ஒருவரைக் காணவில்லை. பெயர்: கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று மனைவி மறுப்பு. வயது ஐம்பத்து மூன்று. மனைவி அளித்த அடையாளம்: நல்ல உயரம். களையான முகம். பார்த்தால் நாற்பதுக்கு மேல் மதிக்க முடியாது. எந்த நேரமும் சிரித்த முகம். அளித்த பதில்: இப்படிப்பட்ட நபர் இந்தத் தீவில் இல்லை."

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். தொப்பையைப் பார்த்தேன். தலையைப் பார்த்தேன். சொல்ல ஆயிரம் இருந்தது, ஒன்றும் வாயில் வரவில்லை. அண்ணி பிறகு இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக் காட்டினார்.

"வயசு மட்டும் ஒத்துப்போச்சு," என்றார் அவர், "மத்தது ஒண்ணும் ஒத்துப்போகலையே. யாரோ பாவம்னு நினைச்சு, ரோந்துப் படகு வந்தப்போகூடக் கையை ஆட்டி அனுப்பிட்டேன்." பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "நீயா சொன்னே?"

அந்த அம்மாள் கண்ணாடிச் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "அவசரத்துல வாயில வந்ததைச் சொன்னேன்" என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் கரகரத்தது. துறைமுக அதிகாரியின் குரல். "கலங்கரை விளக்கம்! அந்தத் தேடுதல் படகு வந்து சேர்ந்துச்சா? ஆள் கிடைச்சாரா இல்லையா? ஆர்டரை டைப் அடிச்சு வெச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி!"

படகுக்காரர் சுவரில் சாய்ந்தபடி, "உண்மையைச் சொன்னா தாடிக்கு வேலை போயிடும். சொல்லாட்டி என் படகு போயிடும்" என்றார். காவலாளி கருவியை எடுக்கக் கையை நீட்டினார். "பொண்ணைப் பார்த்துட்டேன், பேத்தியைப் பார்த்துட்டேன். எனக்கு அது போதும். நானே சொல்லிடறேன்."

படகுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விட்டுவிட்டால் படகு தப்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிடி இறுகிக்கொண்டுதான் இருந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி உதட்டைப் பிதுக்கினார். "ஆளைக் கண்டுபிடிக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. இதுக்கு என்கிட்ட மருந்து இல்லைடா."

"நகருங்க எல்லாரும்" என்று சொல்லிக்கொண்டு காணாமல் போனவரின் மனைவி வந்து, கணவரின் காதிலிருந்த கருவியை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"சார், புகார் குடுத்தவதான் பேசறேன். என் வீட்டுக்காரர் கிடைச்சுட்டார். அவர் காணாமலே போகலை. ஒரு நாள் தங்கிட்டு வர்றேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கார். நான்தான் மறந்துட்டேன்."

கணவர் வாயைத் திறந்தார். அண்ணி ஒரு விரலைக் காட்டி அதை மூடவைத்தார். அண்ணனுக்கு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"மறந்துட்டீங்களா?" அதிகாரியின் கத்தலில் கருவி அதிர்ந்தது. "ரோந்துப் படகு அனுப்பியிருக்கேன்! ஒரு மனுஷனோட தொழிலையே நிறுத்தியிருக்கேன்! ராத்திரி எங்கேம்மா இருந்தார் அவர்?"

"அதை நான் கேட்டுக்கறேன் சார். வீட்டு விஷயம். விடிய விடியக் கேட்பேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதிகாரிக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். பிறகு ஒரு பத்து நிமிடம் திட்டினார். பொறுப்பில்லாதவர் என்றார், புத்தி இல்லையா என்றார், எந்த வீட்டுப் பெண்ணாவது இப்படி மறப்பாளா என்றார். ஒருத்தரையும் ஒரு சொல் சொல்லவிடாத அந்த அம்மாள் அத்தனைக்கும், "ஆமா சார், தப்புதான் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதிகாரி களைத்துப்போனார்.

"சரி, படகுக்காரனைத் தண்டிக்க ஒண்ணும் இல்லை. ஆனா கிடைச்சது அந்த ஆள்தானான்னு நான் சரிபார்க்கணும். யாரையோ நிறுத்தி வெச்சு என்னை ஏமாத்தக் கூடாது. நீங்க எழுதிக் குடுத்த அடையாளம் என் முன்னாடி இருக்கு. ஒத்துப்போச்சுன்னா ரிப்பனை எடுத்துடறேன், இல்லேன்னா ஆர்டர்ல கையெழுத்துதான். சொல்லுங்க. நல்ல உயரமா?"

கணவர் தன்னையறியாமல் குதிகாலைத் தூக்கி நின்றார்.

அந்த அம்மாள் அவரை உச்சந்தலையிலிருந்து வெறுங்கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா சார்."

"களையான முகம்?"

"ஆமா."

"நாற்பதுக்கு மேல மதிக்க முடியாதா?"

"முடியாது சார்" என்றார். இரண்டு கையாலும் கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் குடுத்த அடையாளத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம். என் கண்ணு முன்னாடிதான் நிக்கிறார், அப்படியேதான் இருக்கார்."